பெட்ரோலில் கலந்த காரீயம்

பந்திங் பட்டணத்து எண்ணெய் நிலையங்களில் 95, 97 என்னும் எண்களைக் காணாதவர் இரார். அவை ஆக்டேன் எண்கள். காரின் இயந்திர உருளைக்குள் பொறி பட்ட இடத்திலிருந்து தீ சீராகப் பரவுதல் வேண்டும். எஞ்சிய ஆவி அழுத்தம் தாங்காது தானே வெடிக்குமாயின், இயந்திரம் ‘டக் டக்’கென்று தட்டும், ஆற்றல் குன்றும். ஆக்டேன் எண் உயர உயரத் தட்டல் குறையும். அவ்வெண்ணை உயர்த்துவதற்கு நெடுங்காலம் பயன்பட்டது காரீயச் சேர்மம்.

தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறது. கோலாலம்பூரை வளர்த்த சுரங்கங்கள் தந்ததும், பித்தளைப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் பூசியதும் வெள்ளீயம். பெட்ரோலில் கலந்ததோ நஞ்சாகிய காரீயம். நாம் அடைமொழியிட்டுப் பிரித்தோம். அமெரிக்க வணிகர் பெயரையே மறைத்தனர். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி தட்டலை அடக்குவதாகக் கண்டறிந்த அச்சேர்மம், 1923இல் ‘எத்தில்’ என்னும் பெயருடன் கடைக்கு வந்தது. எரிசாராயமும் தட்டலை அடக்கும் என்பதை அவர்கள் அறியாதவரல்லர். ஆயின் யாரும் வடிக்கத்தக்க சாராயத்திற்குக் காப்புரிமை ஏது?

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இச்சேர்மத்தைச் செய்த தொழிலாளர் சித்தம் கலங்கினர், ஐவர் மாண்டனர். மிட்ஜ்லி செய்தியாளர்முன் அதில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார். முந்திய ஆண்டு அவரே ஈய நஞ்சால் நலிந்து ஓய்வெடுத்தவர்! மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் எச்சரித்தும், 1926இல் அரசுக் குழு தடைக்குக் காரணமில்லை என்றது.

பின்னர் உலகெங்கும் கார்ப்புகையோடு காரீயம் பரவியது. அது எரிந்து அழிவதன்று. சாலையோர மண்ணில் படியும், குழந்தைகளின் குருதியில் கலந்து அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். 1965இல் கிளேர் பேட்டர்சன் இம்மாசின் பெருக்கத்தை எடுத்துரைத்தார்.

மலேசியாவில் 1985இல் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. 1990இல் லிட்டருக்கு 0.15 கிராம் என வரம்பு சுருங்கியது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் காரீயப் பெட்ரோல் விடைபெற்றது. இடைப்பட்ட காலத்தில் இழப்பு இல்லாமலில்லை. 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோலாலம்பூர்ப் பள்ளிச் சிறாரின் குருதியில் திரெங்கானுவின் கெமாமான் சிறாருக்கிருந்ததைவிட ஏறக்குறைய இருமடங்கு காரீயம் காணப்பட்டது. பந்திங்–கிள்ளான் சாலையோரம் பள்ளிக்கு நடந்த பிள்ளைகளும் அப்புகையைச் சுவாசித்தவர்களே.

கார்களுக்கு அதனை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. சிறு விமானங்களின் எரிபொருளில் காரீயம் இன்னும் கலக்கப்படுகிறது.