இல்லக் கணினியும் இணையமும்: வட்டாரப் புள்ளிவிவரங்களை ஒப்பிடுவதிலுள்ள சிக்கல்கள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இணைய இணைப்புடன் கூடிய கணினியை உடைய இந்தியக் குடும்பங்கள் 3.1 விழுக்காடு. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, இணைய வசதி பெற்ற குடும்பங்கள் 23.8 விழுக்காடு. இவ்விரு எண்களையும் ஒரே வரிசையில் வைத்து, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியாகக் கருதுவது எளிது. அது பொருந்தாது என்பதை, கேட்கப்பட்ட வினாக்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி, மிதிவண்டி முதலியவற்றைக் குடும்ப உடைமைகளாகப் பதிவு செய்தது. கணினி அப்பட்டியலில் இல்லை. அடுத்த கணக்கெடுப்புக்கென 2010இல் நடந்த வீட்டுப்பட்டியல் பணியில்தான் கணினி இடம்பெற்றது. ‘இணையத்துடன்’, ‘இணையமின்றி’ என அது இரண்டாகப் பகுக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து 9.4 விழுக்காடு. இங்கு இணையம் தனி வசதியன்று. கணினியைச் சார்ந்த உட்பிரிவே. எனவே கைப்பேசி வழியாக மட்டும் இணையத்தைப் பயன்படுத்திய குடும்பம் இவ்வட்டவணையில் இடம்பெற வழியில்லை.

75ஆம் சுற்று கணினியையும் இணையத்தையும் தனித்தனியே வினவியது. கணினி உடைய குடும்பங்கள் 10.7 விழுக்காடே, இணைய வசதி அதனினும் இருமடங்குக்கு மேல். கைப்பலகைக் கணினிகளையும் உள்ளடக்கிய பின்னரும், கணினி உடைமை முந்தைய 9.4 விழுக்காட்டிலிருந்து சிறிதே உயர்ந்துள்ளது. ஆகவே 3.1க்கும் 23.8க்கும் இடையிலான தொலைவில் வளர்ச்சியோடு வரையறை மாற்றமும் கலந்துள்ளது.

இந்திய அளவிலான இப்போக்கு எல்லா மாநிலங்களுக்கும் பொருந்துவதில்லை. அதே சுற்றில் தமிழ்நாட்டில் கணினி 18.1 விழுக்காடு, இணையம் 19.6 விழுக்காடு, இரண்டும் ஏறத்தாழச் சமம். மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. வீட்டுப்பட்டியல் பணி அதற்கு முன்னரே முடிந்துவிட்டதால், அதன் விளைவு 2011ஆம் ஆண்டுத் தரவில் இல்லை. பிந்தைய எண்களுக்கு இத்திட்டம் ஒரு காரணமாகலாம். எனினும் அட்டவணை மட்டுமே அதனை நிறுவாது.

வட்டாரம் என்னும் அலகும் மூலத்திற்கு மூலம் மாறுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாவட்டம், வட்டம் எனக் கீழிறங்கிச் செல்கிறது. 75ஆம் சுற்றின் அறிக்கை மாநிலத்தின் ஊரகம், நகர்ப்புறம் என்ற அளவில் நிற்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் குடும்பங்களை அன்றி இணைப்புகளை எண்ணுகிறது. அதன் தமிழ்நாட்டு வட்டத்தில் புதுச்சேரியும் அடங்கும். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு இணையவழிக் கற்பித்தல் தொடங்கியபோது, எந்த வட்டத்தில் எத்தனை வீடுகள் விடுபடும் என்பதே முதன்மை வினாவாயிற்று. அந்த அளவு வரை இறங்கிய கணக்கெடுப்போ பத்தாண்டுப் பழைமையுடையதாகவும், கைப்பேசி இணையத்தைக் கணக்கில் கொள்ளாததாகவும் இருந்தது.

2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட வீட்டுப்பட்டியல் வினாக்களில் இணையமும் கணினியும் தனித்தனியே இடம்பெற்றன. பெருந்தொற்றால் அப்பணி தள்ளிப்போயிற்று. இவ்வினாக்களின்வழிப் பெறப்படும் எண்கள் 2011ஆம் ஆண்டு எண்களின் தொடர்ச்சியாகா. புதியதொரு வரிசையின் தொடக்கமாகவே அமையும். ஆகவே ஆய்வேடுகளில் இத்தகைய விழுக்காடுகளை ஆளும்போது ஆண்டு, அலகு ஆகியவற்றோடு வினாவின் வாசகத்தையும் உடன்குறித்தல் இன்றியமையாதது.