ஒரு புள்ளியை இழுத்தால்

கணினித் திரையில் நாம் காணும் முப்பரிமாண உருவங்களுள் பெரும்பாலானவை வலைகளே. பானையின் மீது மீன்வலையைப் போர்த்தி, வலையை மட்டும் விறைக்கச் செய்து பானையை உருவி எடுத்தாற்போன்றவை. முடிச்சுகள் புள்ளிகள், கண்கள் பலகோணங்கள்.

இவ்வலைகள் தொடக்கத்தில் கையால் அளந்தே பின்னப்பட்டன. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1971ஆம் ஆண்டு ஆன்ரி கூரோ தம் மனைவி சில்வியின் முகத்தின் மீதே கோடுகள் வரைந்து அளவெடுத்தார். 1972இல் எட் கேட்மல் தம் இடக்கையின் வார்ப்பின்மேல் ஏறத்தாழ 350 பலகோணங்களை வரைந்தார். அதே ஆண்டு ஐவன் சதர்லண்டின் மாணவர்கள், அவர் மனைவி மார்ஷாவின் வோக்ஸ்வேகன் காரின்மேல் புள்ளியிட்டு அளவுகோலால் அளந்தனர். மனைவியரின் பொறுமையில் வளர்ந்த துறை என்றால் மிகையில்லை.

அளப்பது வேறு, திருத்துவது வேறு. சதர்லண்ட் 1968இல் ஹார்வர்டில் உருவாக்கிய தலையில் அணியும் காட்சிக்கருவியை அவர் மாணவர் ஜிம் கிளார்க் எடுத்துக்கொண்டார். கையில் ஒரு கோலுடன் நின்று, வெளியில் மிதக்கும் புள்ளிகளைப் பற்றி இழுத்து வளைபரப்பைத் திருத்தும் முறையை 1976இல் வெளியிட்டார். 1978இல் கேட்மலும் கிளார்க்கும் சேர்ந்து, முரட்டு வலையொன்றை மீண்டும் மீண்டும் பகுத்து வழவழப்பாக்கும் விதியைத் தந்தனர். சில புள்ளிகளை நகர்த்தினாலே போதும், எஞ்சியதை விதி பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் வருடிகளால் வந்தது. 1994இல் ஸ்டான்ஃபோர்டில் களிமண் முயல் பொம்மை ஒன்றை வருடிப் பெற்ற வலையில் 69,451 முக்கோணங்கள். அதில் ஒரு புள்ளியைத் தனியே இழுத்தால் காது வளையாது. முள் ஒன்று முளைக்கும். அண்டைப் புள்ளிகளுள் எவை, எவ்வளவு தூரம் உடன்வர வேண்டும்? ஒரு சீரை மாற்றினால் அடுத்த சீரில் தளை தட்டும் என்றறிந்த யாப்பு மாணவருக்கு இக்கேள்வி புதிதன்று.

1997இல் சோரின், ஷ்ரோடர், ஸ்வெல்டன்ஸ் மூவரும் ஒரே உருவத்தைப் பருமையான வலை, நுண்ணிய வலை எனப் பல படிகளில் வைத்தனர். பருமையான படியில் வளைத்தால், அதன்மேல் ஏற்றிவைத்த நுணுக்கங்கள் தாமும் திரும்பி உடன்வரும். 2004இல் ஓல்கா சோர்கினும் உடன் ஆய்வாளர்களும் கண்ட வழி எனக்கு இன்னும் உவப்பானது. ஒவ்வொரு புள்ளியும் தான் இருக்கும் இடத்தை நினைவில் கொள்வதில்லை. தன் அண்டையரின் சராசரியிலிருந்து தான் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை மட்டுமே கொள்கிறது. நாம் சில புள்ளிகளை நிறுத்தி, சிலவற்றை இழுத்தால், அவ்விலகல்கள் இயன்றவரை குலையாதபடி ஏனையவற்றின் இடத்தைச் சமன்பாடுகள் தீர்மானிக்கின்றன. உருவம் பெரிதும் திரும்பும்போது நுணுக்கங்கள் சாய்ந்து சிதைவது இம்முறையின் குறை. 2007இல் சோர்கினும் மார்க் அலெக்சாவும் ஒவ்வொரு புள்ளியின் சுற்றுப்புறமும் விறைப்புக் கெடாமல் சுழல இடந்தந்து, அதனைப் பெரிதும் நீக்கினர்.

இலவச மென்பொருளான பிளெண்டரில் லாப்லாசியன் என்ற பெயர் தாங்கிய கருவி இவ்வழியில் வந்ததே.