பாடும் பங்கும்: ஆய்வுக் குழு மாணவரிடையே போட்டியும் கூட்டுழைப்பும்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் இருக்கிறது. கடல் கூப்பிடு தூரம். சோளகக் காலத்தில் இந்தக் கரையில் கரைவலை இழுப்பார்கள். தோணி வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டுக் கரைக்கு வரும். கயிற்றின் இரு தலைப்பிலும் ஆட்கள் நிரையாக நின்று, மணலில் குதியை ஊன்றிப் பின்னோக்கி நடந்தபடி இழுப்பார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டு ஓடிவந்து நீர்விளிம்பில் மறுபடி பிடிப்பார். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுவையோடு அதை வாங்கிப் பாடுவார்கள். தூரத்தில் நின்ற இரு அணிகளும் சிறுகச் சிறுக நெருங்கி, வலையின் மடி கரையேறும்போது ஒரே கூட்டமாகிவிடும்.

இந்தக் கூட்டுழைப்புக்கு அடியில் கடும் போட்டியும் உண்டு. கரை ஒன்று, வலைகள் பல. ஆனால் எந்த வலை எந்தப் பாட்டில் (வலை இறக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர்), எத்தனையாவது முறையில் இறங்கும் என்பதும், விற்ற காசு எப்படிப் பங்காகும் என்பதும் தோணி தள்ளுமுன்பே பேசித் தீர்ந்த விடயங்கள். இழுக்கும்போது யாரும் தன் பங்கை எண்ணிக் கையைத் தளர்த்துவதில்லை. நம் ஆய்வுக் குழுக்களிலோ போட்டி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று அளவைப் பற்றியே பேசுகிறோம். போட்டி எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, எப்போது தீர்க்கப்படுகிறது என்பதே முதன்மையான கேள்வி என்பது இக்கட்டுரையின் வாதம்.

நம் மாணவர் எங்கிருந்து வருகிறார் என்று பார்ப்போம். விஞ்ஞானம் போன்ற துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் தீவளாவிய திறமை வரிசைக்கும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. இந்த ஒதுக்கீட்டின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அதன் பக்கவிளைவு ஒன்று மட்டும் இங்கே முக்கியம்: மூதூர் மாணவிக்கு நேர் போட்டி கொழும்பு மாணவி அல்லள், அதே ரியூசன் வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்தவள்தான். அப்படி வந்தவர்களே வளாகத்துக்குள் நுழைந்ததும் குப்பி போடுகிறார்கள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு, பாடம் விளங்கிய ஒருவர் விளங்காதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பதற்கு இலங்கை மாணவர் வழக்கில் குப்பி என்று பெயர். யாரும் கட்டளையிடாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கும் இந்தக் கொடையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அது ஆய்வுகூட வாசலில் நின்றுவிடுகிறது. மாணவரின் மனம் சுருங்கிவிட்டதால் அல்ல. பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவருக்கு அந்தப் பாடம் குறைவதில்லை. வெளிவராத முடிவைச் சொன்னவர் அதன் முதலுரிமையையே இழக்கக்கூடும். விஞ்ஞானத்தில் முதலுரிமையே உடைமை என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1957இலேயே விரிவாக எழுதிவிட்டார்.

முதலுரிமையின் பாரத்தைத் தமிழர் நன்கறிந்த ஒரு குழுவிலேயே காணலாம். கல்கத்தாவில் சி. வி. இராமனைச் சுற்றியிருந்த மாணவர்களில் கே. ஆர். இராமநாதன் 1923இல் சிதறிய ஒளியில், பின்னர் இராமன் விளைவு எனப் பெயர்பெற்றதன் மெல்லிய தடயத்தைக் கண்டார். 1928 தொடக்கத்தில் வெங்கடேசுவரன் அதைக் கிளிசரினில் தெளிவாகக் கண்டார். பெப்ரவரியில் கே. எஸ். கிருஷ்ணன் இராமனோடு நின்று சோதித்தார். அதே வாரங்களில் மொஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க்கும் மண்டல்ஷ்தாமும் படிகங்களில் அதே விளைவைக் கண்டுகொண்டிருந்தார்கள். வெளியே இரண்டு வலைகளின் போட்டி. உள்ளே ஒரே இழுவை. மார்ச் 16 பெங்களூர் உரை இராமன் பெயரில், மார்ச் 31 ‘நேச்சர்’ குறிப்பு இருவர் பெயரில், 1930 நோபல் பரிசு இராமனுக்கு மட்டும். நோபல் உரையில் அவர் மாணவர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். ஆயினும் கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அவ்வளவு உயர்ந்த மனிதர்களிடையேகூட, மடி கரையேறிய பிறகு பங்கை அளந்து முடிக்க முடியவில்லை.

பங்கை முன்பே பேசி முடிப்பது எப்படி என்று காண, கொட்டியாரக் குடாவை எடுத்துக்கொள்வோம். மகாவலி கடலில் சேரும் அந்தக் குடாவில் நான்கு மாணவர் ஆய்வு செய்கிறார்கள் என்று வையுங்கள். ஒரே படகு, ஒரே நாள் வாடகை, ஒரே நீர் மாதிரிகள். மாதிரியும் அளவீடும் நால்வருக்கும் பொது. உவர்த்தன்மை ஒருவருடையது, போசணைச் சத்துகள் இன்னொருவருடையது, மிதவையுயிர்கள் மூன்றாமவருடையது, அடிமண் நான்காமவருடையது. கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், ஒருவர் இடையில் விலகினால் அவர் அளவீடு யாருக்கு என்பவை, முதல் போத்தல் நிரம்புமுன் பதிவேட்டின் முதல் பக்கத்தில் திகதியிட்டு எழுதப்படட்டும். நாம் இதைக் கேட்கத் தயங்குகிறோம். ‘சேர்’ மனம் நோகுமோ என்று மாணவர் பேசாதிருப்பார். பிள்ளைகளை நம்பாதது போலாகிவிடுமோ என்று மேற்பார்வையாளர் பேசாதிருப்பார். அந்த மௌனத்துக்குள்தான் பூட்டிய அலுமாரிகளும் மறைத்த கோப்புகளும் வளர்கின்றன. எழுதி வைத்த பிறகு போட்டி மறைந்துவிடாது. தன் வினாவை மற்ற மூவரையும்விட ஆழமாகத் தோண்டிக் காட்டுவதில் அது உயிரோடிருக்கும், இருக்கவும் வேண்டும்.

முறை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்றும் நான் சொல்லவில்லை. தெற்கே மாவெல்ல என்ற ஊரின் கரைவலைத் தொழிலைப் பற்றி மானுடவியலாளர் போல் அலெக்சாண்டர் எழுதிய நூல் 1982இல் வந்தது. அங்கே முறை பிசகாமல் இருந்தது. ஒவ்வொரு வலைக்கும் சம உரிமை. மீனுக்கு விலை ஏறியதும் புதிய வலைகள் சேர்ந்துகொண்டே போயின. கரை நீளவில்லை, மீனும் பெருகவில்லை, ஒவ்வொரு வலைக்கும் கிடைத்த முறைதான் தேய்ந்தது. பொதுவளங்களின் ஆளுகை பற்றிய 1990ஆம் ஆண்டு நூலில் எலினோர் ஓஸ்ட்ரோம் இதைத் தோல்வியடைந்த ஏற்பாடுகளில் ஒன்றாகவே வைத்தார். நியாயமான முறையும் எல்லையின்றிப் போனால் வறுமையைச் சமமாகப் பங்கிடும். கொட்டியாரக் குடாவுக்கு ஐந்தாவது மாணவர் வந்து கேட்கும்போது அங்கே இன்னொரு வினா மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் மேற்பார்வையாளர். இல்லையென்றால், இந்தப் பருவத்தில் இங்கே பாடு இல்லை என்று அந்த மாணவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவரும் அவரே.