மன்னாரில் பார்க்க வேண்டிய அரிய இடங்கள்: அழகும் அதன் பின்னுள்ள வரலாறும்

போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளாலும் இடப்பெயர்வுகளாலும் மட்டுமே பலருக்கு அறிமுகமான மன்னார், இன்று உள்நாட்டுப் பயணிகளும் புலம்பெயர் உறவுகளும் அதிகம் தேடிவரும் இடமாகியுள்ளது. உல்லாசப் பயணக் கையேடுகள் கடலையும் பறவைகளையும் காட்டுகின்றன. அந்த இடங்களில் எம்மவர் வாழ்ந்ததையும் இழந்ததையும் அவை சொல்வதில்லை. இரண்டையும் அறிந்து பார்ப்பதற்காக முக்கியமான சில இடங்கள் இங்கே தரப்படுகின்றன.

மன்னார் கோட்டை

தாம்போதியைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் தெரிவது இந்தக் கோட்டை. 1560 இல் போர்த்துக்கேயர் கட்டினர். 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர் புதுப்பித்தனர். போரில் தகர்க்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக ஜப்பானின் உதவியுடன் அமைக்கப்பட்ட புதிய பாலம் 2010 இல் திறக்கப்பட்டது. கோட்டைக்குச் சற்றுத் தொலைவில், நகர நுழைவாயிலில் உள்ள சதொச வளாகத்தில் 2018 இல் தொடங்கிய அகழ்வில் 300 க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. அவை பல நூற்றாண்டுகள் பழமையானவை என்ற காலக்கணிப்பைக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் ஏற்கவில்லை.

பெருக்க மரம்

பள்ளிமுனையில் உள்ள இம்மரத்தின் அடிமரச் சுற்றளவு 19 மீற்றருக்கும் அதிகம். ஆபிரிக்காவுக்குரிய இவ்வினத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகக் கருதப்படுகிறது. தீவில் வேறு பெருக்க மரங்களும், வீதிகளில் சுதந்திரமாகத் திரியும் கழுதைகளும் உண்டு. இவையும் அரபுத் தொடர்பின் எச்சங்களே என்பது பொதுவான நம்பிக்கை.

தலைமன்னார்

தீவின் மேற்கு முனை. 1914 இல் தொடங்கிய ரயில், கப்பல் சேவை தனுஷ்கோடியையும் கொழும்பையும் இணைத்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடந்த கப்பல் சேவையும் 1980 களில் போரினால் நின்றது. 1990 இல் தடைப்பட்ட ரயில், 2015 மார்ச்சில் மீண்டும் இறங்குதுறை வரை வந்தது.

இங்கிருந்து இந்தியக் கரைவரை நீளும் மணல் திட்டுகளை மீனவர்கள் தீடைகள் என்பர். போர்க்காலத்தில் உயிர்தப்பப் படகேறிய எம் மக்களில் பலர் இந்தத் தீடைகளில் இறக்கிவிடப்பட்டு, உணவும் நீருமின்றித் தவித்தனர். மலையகத் தமிழரின் முன்னோர் வந்திறங்கியதும் இக்கரையிலேயே. அவர்களின் 200 ஆண்டு நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் இடம்பெற்றது.

வங்காலை

2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம் இங்குள்ளது. நவம்பர் முதல் மார்ச் வரை வந்தால் பூநாரைக் கூட்டங்களைக் காணலாம். வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் 1985 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டதும் இந்த ஊரிலேயே.

திருக்கேதீச்சரம்

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவித் தீர்த்தக் கரையில் அமைந்துள்ளது. அருகிலுள்ள மாந்தையே பண்டைய மாதோட்டத் துறைமுகம். சீன, மேற்காசிய மட்பாண்டங்கள் இங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. 2013 டிசம்பரில் ஆலயத்துக்கு அண்மையில் நீர்க்குழாய் பதித்தபோது இன்னொரு மனிதப் புதைகுழி வெளிப்பட்டது.

அரிப்பு

முத்துக்குளிப்பைக் கண்காணிக்க, பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800 களின் தொடக்கத்தில் கட்டிய டோரிக் மாளிகையின் சிதைவுகள் கடலோர மேட்டில் நிற்கின்றன. கடலரிப்பினால் ஒரு பகுதி ஏற்கெனவே விழுந்துவிட்டது. காலம் தாழ்த்தாமல் பார்க்கவேண்டியது இது. கண்டியில் சிறையிருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1679 இல் அடைக்கலம் புகுந்த ஒல்லாந்தர் கோட்டையும் அரிப்பிலேயே உள்ளது. இந்த முசலிப் பகுதியிலிருந்தும் 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

மடு

பெருநிலத்தின் உட்பகுதியில் உள்ள மருதமடு அன்னை ஆலயத்தின் பெருவிழா ஓகஸ்ட் மாதத்தில் நடைபெறும். ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் தேடிய இவ்வளாகத்தில் 1999 நவம்பரில் எறிகணைகள் வீழ்ந்து நாற்பது பேர்வரை பலியாகினர்.

பயணிகள் கவனத்துக்கு

தீவின் தென்கரையில் 2020 இல் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கும் கனிய மணல் அகழ்வதற்கும் எதிராக 2025 இல் மக்கள் தொடர் போராட்டம் நடத்தினர். வெள்ளநீர் வடிந்தோடுவது தடைப்படும், மீன்வளம் குறையும் என்பது அவர்களின் கவலை. எனவே இங்கு வருவோர் காட்சிகளைப் படமெடுப்பதுடன் நிறுத்தாமல் ஊரவரிடமும் பேசுங்கள். கருவாட்டையும் பனம்பொருட்களையும் அவர்களிடமே வாங்குங்கள். பிள்ளைகளுடன் வருவோர், இந்த இடங்களின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.