பால்மறப்பு எடை (செம்மறி ஆடு)

பால்மறப்பு எடை என்பது செம்மறிக் குட்டியைத் தாய்ப்பாலிலிருந்து பிரிக்கும்போது அதற்குள்ள உடல் எடை. இந்தியப் பண்ணைகளில் பொதுவாக 90 நாள் வயதில் அளக்கப்படுகிறது.

இதைத் தீர்மானிக்கும் காரணிகள் மரபுவழி, சூழல்வழி என இருவகை. இனம், குட்டியின் வளர்ச்சித் திறன், தாயின் பால்வளம் ஆகியவற்றில் மரபின் பங்கு உண்டு. கிடாய்க்குட்டி பெட்டையைவிடக் கூடுதலாக எடைபோடும். ஒரே மடியை இரண்டு வாய்கள் பங்கிடுவதால் இரட்டைக்குட்டிகள் ஒற்றைக்குட்டியைவிட மெலிந்திருக்கும். தலையீற்று ஆட்டின் குட்டியும் அப்படியே. மூன்று முதல் ஆறு வயதுத் தாய்களே நன்றாகப் பால் கொடுத்து வளர்க்கின்றன. சினைக்காலத் தீவனம், பிறந்த பருவம், மேய்ச்சல், குடற்புழு, மடிநோய் ஆகியவையும் எடையைப் பாதிக்கும்.

எல்லாக் குட்டிகளும் ஒரே நாளில் பிறப்பதில்லை. எனவே எடை 90 நாள் வயதுக்குத் திருத்தப்படுகிறது. 2.5 கிலோவுடன் பிறந்து, 100ஆம் நாளில் 12.5 கிலோ இருக்கும் குட்டியின் தினசரி வளர்ச்சி 100 கிராம். 90 நாள் திருத்திய எடை 11.5 கிலோ.

மகாராஷ்டிரத்தின் பல்டணில், ஒரே ஈற்றில் பல குட்டிகள் ஈனச் செய்யும் கரோல் இன மரபணு தக்காணி இனச் செம்மறி ஆடுகளில் புகுத்தப்பட்டது. இத்தகைய மந்தைகளில் ஒரு குட்டியின் எடையைவிட, ஒரு தாய் பால்மறக்கச் செய்யும் குட்டிகளின் மொத்த எடையே பொருத்தமான அளவுகோல்.

சேலம் மாவட்டம் பொட்டனேரியில் உள்ள மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் மேச்சேரி என்னும் தமிழ்நாட்டு இனத்தின் வளர்ச்சியை ஆராய்கிறது. எந்த இனமானாலும், வயதுக்கு மட்டும் திருத்தி, பாலினம், ஈற்று, பிறப்பு வகை (ஒற்றை, இரட்டை) ஆகியவற்றுக்குத் திருத்தாத எடையைக் கொண்டு பொலிகிடாய் தேர்வது பிழையான தெரிவுக்கு இடமளிக்கும்.