பகா எண்ணும் பஸரா தந்த பேரறிஞரும்

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை அரபியர் ‘அல்அததுல் அவ்வல்’ என்றனர். தமிழில் அது பகா எண். இவ்வெண்களின் அரியதோர் இயல்பை முதலில் எடுத்துரைத்தவராக அறியப்படுபவர், ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். ‘கிதாபுல் மனாளிர்’ எனும் ஒளியியல் நூலால் உலகறிந்த அதே மேதைதாம் இவர்.

2, 3, 4, 5, 6 ஆகியவற்றால் வகுத்தால் 1 மீதமாக வேண்டும். 7ஆல் வகுத்தால் மீதமே கூடாது. அவ்வெண் யாது? அவர் கண்ட ஒரு விடை 721. ஒன்று முதல் ஆறு வரை பெருக்கினால் 720. அதனுடன் ஒன்றைக் கூட்டினார். எந்தப் பகா எண்ணுக்கும் இம்முறை பொருந்தும் என்றார்.

1770இல் ஆங்கிலேயர் வாரிங் இவ்விதியைத் தம் மாணவர் வில்சனின் பெயரால் வெளியிட்டார். 1771இல் லக்ராஞ்சு அதனை நிரூபித்தார். பகு எண்ணுக்கு அது பொருந்தாது என்பதையும் காட்டினார். ஆகவே பகா எண்ணைக் கண்டறிய இதுவே உரைகல் ஆயிற்று.

ஆயினும் பேரெண்களுக்கு இவ்வுரைகல் உதவாது. 1772இல் ஆய்லர் 214,74,83,647 பகா எண்ணே என நிறுவினார், வேறு வழியில்தான். இவ்விதிப்படி சோதிப்பதாயின் இருநூறு கோடிக்கும் மேற்பட்ட எண்களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டுமன்றோ!

இன்றும் நூல்களில் வில்சன் பெயரே நிற்கிறது. நிரூபித்த லக்ராஞ்சின் சிறப்பை நாம் மறுக்க வேண்டியதில்லை. முன்னரே கண்டுரைத்த இப்னுல் ஹைதமை நம் பிள்ளைகள் அறியாதிருத்தல்தான் கூடாது.