மலையில்லா ஊரின் உயரம்

கண்டிக்குச் செல்பவர் பைரவகந்தைக் குன்றின்மேல் நின்று நகரத்தை முழுமையாகப் பார்த்துவிடலாம். வன்னியில் அதற்கு வாய்ப்பில்லை. சமதரையில் விரிந்த கிளிநொச்சியைக் குனிந்து பார்க்க ஒரு குன்றும் இல்லை. அங்கே தரையைவிட்டு உயர்ந்து நின்றவற்றுள் முதன்மையானவை குளக்கட்டும் நீர்த்தாங்கியுமே. இரண்டும் தண்ணீருக்காக எழுப்பப்பட்டவை.

அந்த ஊரே தண்ணீரை நம்பிப் பிறந்தது. கனகராயன் ஆற்றை மறித்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்கில் 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. 1984இல் அது தனி மாவட்டமாயிற்று.

2009 சனவரி 2ஆம் திகதி நகரம் படையினரிடம் வீழ்ந்தபோது அங்கே மக்கள் இல்லை. அனைவரும் கிழக்கே இடம்பெயர்ந்திருந்தனர். ஏ-9 வீதியோரத்து நீர்த்தாங்கி சரிந்து கிடந்தது. பின்வாங்கிய விடுதலைப் புலிகளே அதைத் தகர்த்தனர் என்றது அரசு. போருக்குப் பின் இடிபாடு அகற்றப்படவில்லை. அழிவு இனி வேண்டாம் என்ற பொருள்பட ஒரு பலகையும் நாட்டப்பட்டது.

சில ஆண்டுகள் கழித்து நான் அங்கே சென்றேன். தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். ஊர்க்காரர்களோ சைக்கிளில் திரும்பிப் பாராமல் கடந்து சென்றனர். அந்தத் தாங்கியின் நீரைக் குடித்தவர்கள் அவர்கள்தாம். அவர்களைப் பற்றி அப்பலகையில் ஒரு சொல்லும் இல்லை.

இடிபாட்டைப் பாதுகாப்பது தவறன்று. ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பி நின்ற குவிமாடக் கட்டடத்தை இடிப்பதா, காப்பதா என்று அந்த நகரத்தாரே நெடுங்காலம் விவாதித்தனர். காப்பதென்று 1966இல் நகரசபை தீர்மானித்தது. அருகிலுள்ள நினைவுச்சின்னத்தில் இறந்தோரின் பெயர்ப் பதிவேடும் உண்டு. ஆண்டுதோறும் அதில் பெயர்கள் சேர்க்கப்படுகின்றன.

வன்னியின் இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை. இரு தரப்பின் மீதும் அது குற்றஞ்சுமத்தியது. அரசு அதை ஏற்கவில்லை. எண்ணிக்கையே இன்னும் தீராத வழக்காக இருக்கும் மண்ணில், விழுந்த ஒரு தாங்கிக்கு மட்டும் விளக்கப் பலகை கிடைத்தது.

கோபுரம் வீழ்ந்ததை ஒரு பலகை சொல்லிவிடலாம். அதன் நிழலில் குடத்துடன் வரிசையில் நின்றவர்களின் கதையை அவர்கள்தாம் சொல்லவேண்டும். அதுவரை அந்த இடிபாடு ஒரு சாட்சியே, தீர்ப்பு ஆகாது.